பங்குக் கிணறும் பக்கத்து வீடும்

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத்தண்ணீர்தான் எல்லாம். அதனால் பல வீட்டாருக்குப் பொதுவான பங்குக் கிணற்றில் வரும் சண்டையைச் சின்ன விஷயமாக என்னால் எடுக்க முடியவில்லை.

பங்காளரில் ஒருவர் வெளிநாட்டில், இன்னொருவர் கொழும்பில், தண்ணீர் அள்ளுகிறவர் இங்கே. கிணறு இறைத்துச் சேறு அள்ள, இடிந்த கட்டைத் திருப்பிக் கட்ட யார் காசு கொடுப்பது என்று கேட்டால்தான் எல்லோருக்கும் கோபம் வருகிறது.

முதலில் காணி உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும், அது தெரியாமல் வேலிக்கரையில் நின்று கத்துவதில் பிரயோசனம் இல்லை. அப்புறம் மேசனிடம் செலவை எழுத்தில் வாங்கி, வேலை தொடங்க முன்னமே எல்லாப் பங்காளருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முடித்துவிட்டுக் கணக்கை நீட்டினால் "என்னை ஆர் கேட்டது?" என்றுதான் பதில் வரும், அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

பேசிச் சரிவராவிட்டால், வழக்குக்குப் போகாமல் இணக்கமாகத் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களும் பக்கத்து வீட்டு அண்ணையும்தான் நேருக்கு நேர் இருந்து கதைக்க வேண்டும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இணக்கம் வந்தால், யார் எவ்வளவு, எந்த மாதத்துக்குள் என்பதையும் இணக்கப் பத்திரத்திலேயே எழுதுவியுங்கள். மாரி தொடங்கினால் பிறகு கிணற்றுக்குள் இறங்க முடியாது.