சுவர் காயட்டும்

பெப்ரவரி 8, 2025, சனி

மகள் மார்கழியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மரம் வந்து மூன்று நாளாகிறது. வினைல் ஸ்ரிக்கர், நாலு தாளாகச் சுருட்டி நீளமான பெட்டிக்குள் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தரையில் விரித்தால் ஆறடி மரம், கிளையில் பதினொரு குருவி. ஒட்டுவதற்குச் சுவர்தான் இல்லை. அம்மம்மா இருந்த பின்னறையை மகளுக்குக் கொடுப்பது என்று பொங்கலன்றே முடிவு செய்தோம், ஆனால் அம்மம்மா போன பிறகு அதற்குள் நெல் மூட்டையும் கால் உடைந்த கதிரையும் போட்டு வைத்திருந்ததில் சுவரை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெயின்றரைக் கேட்டேன். சித்திரைக்கு முதல் கை ஒழியாதாம், தை மாசி முழுக்கக் கலியாண வீடுகள். இவர் கொழும்பிலிருந்து சனி ஞாயிறுதான் வருவார், வந்தால் நித்திரை. சரி, நானே அடிக்கிறேன் என்று சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு காட்டலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10. நாலு சுவரும் சேர்த்து 440 சதுர அடி, கதவுக்கும் இரண்டு யன்னலுக்கும் 50 கழித்தால் 390, மீற்றர்க் கணக்கில் 36 சதுர மீற்றர். ஒரு லீற்றர் இமல்சன் பெயின்ற் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு தரம் பூச, 10 சதுர மீற்றர் அளவு வரும் என்று வைத்தால், இரண்டு கோட்டுக்கு ஏழு லீற்றருக்கு மேல் வேண்டும். 4 லீற்றர் ரின் இரண்டு. பழைய சுவர் கூட உறிஞ்சும் என்கிறார்கள், பார்ப்போம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலை ஆறு மணிக்குத் தொடங்கி மத்தியானம் வரைக்கும் சுரண்டல். தலையில் துவாய், மூக்கில் கொரோனாக் காலத்து மாஸ்க். புட்டித் தகட்டைச் சரித்து வைத்துத் தள்ளினால் மேல் பூச்சு அப்பளம் மாதிரி எழும்பி வருகிறது, சில இடத்தில் தகடே தேவையில்லை, நகம் போதும். மேலே கிரீம் நிற இமல்சன், அதற்குக் கீழே வெளிறிய பச்சை டிஸ்டெம்பர், அதற்கும் கீழே நல்ல நீலம். நீலத்தைத் தொட்டால் விரலில் மா மாதிரி ஒட்டுகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உது என்ர கலியாணத்துக்கு அடிச்சது, 84இல."

வெள்ளைதான் அடிக்கச் சொன்னதாம். சுண்ணாம்பு மஞ்சளிக்காமல் இருக்க ஒரு துளி நீலம் போடுவது வழக்கம். கலக்கிய பெடியன் ஒரு பக்கெற்றையே கொட்டிவிட்டான். அம்மம்மா விறாந்தையில் நின்று கத்தியிருக்கிறார், ஆனால் அடுத்த நாள் தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கு, திரும்ப அடிக்க நேரமில்லை. பிறகு வந்த சனமெல்லாம் நல்ல நிறம் என்று சொன்னதால் நாங்களே கேட்டு அடித்ததென்று சொல்லிச் சமாளித்தார்களாம்.

பிரச்சினை வேறு இடத்தில். நிலத்திலிருந்து மூன்றடி உயரம் வரைக்கும், அலுமாரி நின்ற சுவரைத் தவிர மற்ற மூன்றிலும், வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று பூத்திருக்கிறது. தட்டினால் பொலபொலவென்று கொட்டுகிறது. ஈரத் துணி எடுத்துக்கொண்டு போனேன், அம்மா தடுத்தார். "உப்பு, பிள்ளை. மாரி முடிய பூக்கும். தண்ணி படக்கூடாது, வெறும் தும்புத்தடியால தட்டு." அவர் சொன்னது சரி. நனைத்தால் உப்புக் கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும், காய்ந்ததும் வெளியே வரும், பிறகு அதே கூத்து.

பெப்ரவரி 10, திங்கள்

வேலை முடிந்து வரும் வழியில் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் பெயின்ற் கடை ஒன்று. உள்ளே போகும்போது எனக்குத் தேவை என்று நினைத்தது ஏதாவது நீர் புகா சீலர். கீழே மூன்றடிக்கும் அதைத் தடவி அடைத்துவிட்டு மேலே பெயின்ற் அடிப்பது என்பது என் திட்டம். காசு மேசையில் இருந்த வயதானவர் என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கல்லும் சுண்ணாம்பும் கட்டின பழைய வீடோ?"

"ஓம் ஐயா. கொக்குவில்."

"அப்ப உதை அடைக்காதை. கீழ அடைச்சால் ஈரம் மேல ஏறும். உதுக்கு மேல என்னத்தைப் பூசினாலும் சுவர் துப்பிப் போடும்."

விற்கிற மனிதரே வேண்டாம் என்கிறார். அவர் விளக்கியதன் சாரம்: இந்தக் காலத்து வீடுகளில் அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் ஒரு தடுப்பு வைத்துத்தான் சுவர் எழுப்புவார்கள், அந்தக் காலத்து வீடுகளில் அது கிடையாது. மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது சுவர் திரி மாதிரி அதை உறிஞ்சி ஏற்றும், நீரோடு உப்பும் ஏறும். தையில் வெயில் வந்ததும் நீர் ஆவியாகிப் போக, உப்பு மேற்பரப்பில் பளிங்காகி நிற்கும். மேலே பிளாஸ்ரிக் மாதிரிப் பெயின்ற் இருந்தால் உப்பு அதற்குப் பின்னால் பூத்து அதைத் தள்ளி விழுத்தும். சுண்ணாம்பு பூசினால் ஈரம் அதனூடே வெளியே போய்விடும். வருடத்துக்கொரு தரம் பூச வேண்டி வரலாம், ஆனால் அப்பளம் எழும்பாது.

ஆகவே மேலே பெயின்ற், கீழே சுண்ணாம்பு. இமல்சன் 4 லீற்றர் ரின் இரண்டு, பழைய சுண்ணாம்புப் பொடியை இறுக்கிப் பிடிக்கும் பிரைமர், 9 அங்குல ரோலர், 2 அங்குலப் பிறஷ், மாஸ்கிங் ரேப், சாண்ட் பேப்பரில் 120உம் 220உம். கீழே அடிக்காவிட்டால் இரண்டாவது ரின் முழுதும் தேவைப்படாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மெஷினில் கலந்த நிறத்தைத் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள்.

நிறம்? அட்டையில் அதற்கு வாயில் நுழையாத ஒரு ஆங்கிலப் பெயர். எங்கள் வீட்டில் அதன் பெயர் அவித்த பனங்கிழங்கு.

பெப்ரவரி 12, புதன், போயா

பௌர்ணமி லீவு. வாங்கியதைத் தொடவில்லை, சுவரைச் சோதித்தேன். ஒன்றரை அடிச் சதுரமாகப் பொலித்தீன் வெட்டி நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம். மேல் சுவரில் ஒட்டியது. கீழ்ச் சுவரில் ரேப் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, பின்பக்கம் முழுக்க வெள்ளை மாவோடு சுருண்டு விழுந்தது. ரேப்பே நிற்காத இடத்தில் ஸ்ரிக்கர் நிற்குமா? மரத்தின் அடிப்பாகம் மூன்றடி இப்போது அந்தரத்தில். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

பெப்ரவரி 15, சனி

மேலே பொலித்தீன் உள்ளும் புறமும் காய்ந்திருந்தது. நல்லது.

மேசன்மார் செய்கிற மாதிரி நூலில் நீலம் தோய்த்து, நானும் இவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மூன்றடி உயரத்தில் சுண்டிவிட்டோம். நாலு சுவரிலும் நேர்கோடு. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த ஐந்து நிமிடம் இதுதான். கோட்டுக்கு மேலே சாண்ட் பேப்பர், தூசி துடைப்பு, பிரைமர். அலுமாரி நின்ற சுவர் பார்வைக்குச் சுத்தமாக இருந்ததால் அதைச் சரியாகச் சுரண்டவில்லை, ஏற்கெனவே உரிந்த இடங்களைத் தட்டிவிட்டு மேலாக ஒரு தேய்ப்போடு விட்டுவிட்டேன். கை அவ்வளவு நோ.

கதவையும் யன்னலையும் தொடவேயில்லை. அதில் இருப்பது பழைய இனாமல். இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு வரம்பு வந்ததே 2013 ஜனவரியில்தான், எங்கள் கதவு அதற்கு எவ்வளவோ மூத்தது. அதை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்து அந்தத் தூசியைப் பிள்ளை படுக்கிற அறைக்குள் பறக்கவிட எனக்கு மனமில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

இரண்டு கோட்டும் முடிந்தது. முதல் கோட்டுக்கு ரின்னில் போட்டிருந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்துக் கலக்கினேன். எட்டு மணிக்கு மூலைகளையும் மூன்றடிக் கோட்டின் ஓரத்தையும் பிறஷால் முழுக்க அடித்து முடித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து ரோலர் எடுத்தால், பிறஷ் அடித்த இடமெல்லாம் காய்ந்துவிட்டது. யன்னலைத் திறந்து வைத்திருந்தேன், காற்று உள்ளே நேராக வந்துகொண்டிருந்தது. காய்ந்த விளிம்பின் மேல் ரோலர் ஏறிய இடமெல்லாம் படச்சட்டம் போட்ட மாதிரி ஒரு பட்டை தெரிகிறது. இரண்டாவது சுவரிலிருந்து ஒரு முழம் பிறஷ், உடனே ரோலர், பிறகு அடுத்த முழம் என்று போனேன், பட்டை விழவில்லை. இதை ஒருவரும் முதலே சொல்லித் தரவில்லை.

புது ரோலர் முதல் பத்து நிமிடம் மயிர் கொட்டும் என்பதையும்தான். ரேப்பை ஒட்டி எடுத்தால் அந்த உதிரி போய்விடும் என்று இவர் சொன்னார், சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

இரண்டாவது கோட் பின்னேரம். ஈரமாக இருக்கும்போது நிறம் அட்டையை விட வெளிறி, ஏமாற்றமாக இருந்தது. இரவு காய்ந்த பிறகு போய் லைற்றைப் போட்டுப் பார்த்தேன். பனங்கிழங்கேதான்.

பெப்ரவரி 17, திங்கள்

தோள் தூக்க ஏலாது. அலுவலகத்தில் ஸ்ராப்ளர் அமத்தக்கூட இடது கை.

பெப்ரவரி 21, வெள்ளி

இன்றைக்குக் கோபப்பட்டு, பிறகு கவலைப்பட்டேன். புதுப் பெயின்ற் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும், ஆனால் உள்ளே இறுக மூன்று நாலு கிழமை ஆகும், அதுவரை ஸ்ரிக்கர் ஒட்டக்கூடாது என்று மகளுக்கு விளக்கியிருந்தேன். ஆறு வயதுக்கு நாலு கிழமை என்பது ஒரு யுகம். பள்ளிக்கூடத்தால் வந்தவள் பெட்டியைத் திறந்து ஒரே ஒரு குருவியை எடுத்து, கதிரை போட்டு ஏறி ஒட்டிவிட்டாள். எந்தச் சுவரில்? அலுமாரி நின்ற சுவரில்.

நான் வந்து கண்டதும் யோசிக்காமல் மூலையைப் பிடித்து இழுத்தேன். ஹேர் டிரையரால் சூடு காட்டி, சுவரோடு சுவராக மடித்து, மெல்ல உரித்திருக்க வேண்டும். இழுத்த இழுப்பில் குருவி முதுகில் பெயின்றையும் பிரைமரையும் பழைய பூச்சையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. பசை பெயின்றைப் பிடித்த பிடி, பெயின்ற் சுவரைப் பிடித்த பிடியை விடப் பலம். நான் சுரண்டாமல் விட்ட இடம் அல்லவா, பிரைமர் பிடித்திருந்தது பழைய பூச்சின் மேல்தோலை, அது நின்றது வெறும் பொடியின் மேல். சுவரில் இப்போது அலகு, வால், எல்லாம் தெளிவாக ஒரு குருவியின் வடிவம், 84ஆம் ஆண்டு நீலத்தில்.

மகள் அழவில்லை. விரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டாள். பேச்சு வாங்கப்போகிறவள் கேட்கிற கேள்வியா இது.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

நேற்றிரவே சுண்ணாம்பை ஊற வைத்து, காலையில் பழைய வேட்டித் துணியால் வடித்தேன். கையுறை போட்டேன், மகளை அந்தப் பக்கம் வரவிடவில்லை, கண்ணில் ஒரு சொட்டுப் பட்டால் விளையாட்டல்ல. கோட்டுக்குக் கீழே பழைய இமல்சனை மிச்சமில்லாமல் எடுத்திருந்தேன், இல்லாவிட்டால் சுண்ணாம்பு பிடிக்காது. நனைக்கக்கூடாது என்ற அம்மாவே இன்று சுவருக்கு லேசாகத் தண்ணீர் தெளி என்றார். உப்பைத் தட்டி எடுத்தாயிற்று, இப்போது வறண்ட சுவர் சுண்ணாம்பின் ஈரத்தை ஒரேயடியாக உறிஞ்சிவிட்டால் அது இறுகாமல் பொடியாகிவிடும், அதுதான் வித்தியாசம்.

பூசும்போது ஒன்றும் தெரியாது, பால் கழுவின தண்ணீர் மாதிரி. தடிப்பாகப் பூசத்தான் கை துடிக்கும், பூசினால் வெடிக்கும். பொறுமையாக மெல்லிய கோட். மத்தியானத்துக்குள் வெளுத்தது. காற்றில் இருக்கிற கரியமிலவாயுவை எடுத்துச் சுண்ணாம்பு திரும்பச் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிற வேலை நாள்கணக்கில் நடக்கும். எங்கள் நிலத்துக்குக் கீழே இருப்பதும் அதே கல்தான்.

அம்மா இரவு நாலு சாமமும் கோயிலில். நான் வீட்டில் கண் முழித்தேன், பக்தியில் அல்ல, முதுகு நோவில். அடுத்த கோட் நாளைப் பின்னேரம், அதற்கடுத்தது வெள்ளி.

மார்ச் 13, வியாழன், போயா

பெயின்ற் அடித்து இருபத்தைந்து நாள். முதலில் மாஸ்கிங் ரேப்பை மூன்று இடத்தில் ஒட்டி இழுத்துப் பார்த்தேன், சுத்தமாக வந்தது. மரத்துக்கு யன்னலுக்கு எதிர்ச் சுவர், அதை நான் ஒழுங்காகச் சுரண்டியிருந்தேன்.

அம்மா கதிரையில் ஏறி மேல் முனையைப் பிடித்தார், வேண்டாம் என்றால் கேட்கவா போகிறார். பின்தாளை ஒரு சாண் மட்டும் உரித்து ஒட்டி, அது நேராக நிற்கிறதா என்று பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாளைக் கீழே இழுத்துக்கொண்டு, துணி சுற்றிய அடிமட்டத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து வந்தோம். காற்று மாட்டிய இடத்தில் ஊசியால் ஒரு குத்து. கோட்டுக்கு வந்ததும் கத்தியால் அடிமரத்தை வெட்டிவிட்டேன். வேரும் இல்லை, அடியும் இல்லை, மரம் சுண்ணாம்புப் பட்டைக்கு மேலே திடீரென்று தொடங்குகிறது. அசிங்கமாக இருக்குமோ என்று பயந்துகொண்டுதான் தள்ளி நின்று பார்த்தேன்.

"றோட்டுக்கரை மரத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கிற மாதிரி இருக்கு," என்றார் அம்மா. அப்படித்தான் இருந்தது.

பிறகு குருவிகள், பத்து. எங்கே வைப்பதென்று மகள் கைகாட்டினாள். கடைசியில் நான் சின்னப் பிறஷும் மிச்சப் பெயின்றும் எடுத்துக்கொண்டு நீலக் குருவியை அடைக்கப் போனேன், அவள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் எண்ணிப் பார்த்துவிட்டாளாம், பதினொன்றும் சரியாக இருக்கிறதாம். உரிந்து வந்த குருவி, முதுகில் மூன்று தலைமுறைப் பூச்சோடு, இப்போது பிரிட்ஜ் கதவில்.

இரண்டு லீற்றருக்குக் கொஞ்சம் கூட மிச்சம். ரின்னை இறுக மூடி வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா குசினி வாசலில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இதுக்குக் காணுமே?"