அதுவரைக்கும் நித்திரையோ?

எங்கள் சரித்திர சேர் போய்விட்டார் என்று தை மாதம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது இங்கிலாந்தின் ஓல்டமில் ஒரு கடை வரிசையில் பாலும் பாணும் கையுமாக நின்றேன். 89 வயது, குறைசொல்ல முடியாத சாவு. பழைய மாணவர் மலருக்கு எழுதித் தாங்கோ என்று செயலாளர் தம்பி மூன்று தரம் கேட்டுவிட்டார். சேருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அதை அச்சில் ஏற்ற எனக்கு இன்றைக்கும் துணிவில்லை.

1979, உயர்தர வகுப்பு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய பாடம். அந்தக் கட்டடத்து ஓட்டு வெக்கை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேர் தவணைச் சோதனைப் பேப்பர் கட்டை மேசையில் போட்டுவிட்டு என்னுடையதை மட்டும் உருவி எடுத்தார். “தம்பி, எழும்பி வாசியும் பாப்பம்.” நான் பெருமையோடுதான் எழும்பினேன். ரியூட்டரி நோட்ஸை வரி பிசகாமல் பாடமாக்கி எழுதியிருந்தேன்: “1853இல் அமெரிக்கக் கொமடோர் பெரி நான்கு போர்க்கப்பல்களுடன் வந்தார். இருநூறு ஆண்டுகளாகக் கதவைப் பூட்டியிருந்த யப்பான் அன்று கண்விழித்தது.”

“அப்ப அதுவரைக்கும் நித்திரையோ?”

வகுப்பு சிரித்தது. “திருப்பி வாசியும்” என்றார். மூன்று தரம் வாசித்தேன். மணி அடிக்கும்போது எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. போன வருட இராப்போசனத்தில்கூட, லண்டனில் பெரிய இதய வைத்தியராக இருக்கிற ஒருவர் மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து “டேய் நித்திரை!” என்று கத்த, என் மனைவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகுதான் சேர் பாடம் எடுத்தார். பூட்டிய வீட்டிலும் ஒரு யன்னல் இருந்தது என்றார். நாகசாக்கித் துறைமுகத்தில் தெஜிமா என்று விசிறி மாதிரி ஒரு செயற்கைத் தீவு, 1641 முதல் ஒல்லாந்தர் அங்கே மட்டும்தான் இருக்கலாம். அந்த யன்னலால் வைத்தியம், வானியல், பீரங்கி என்று புத்தகங்கள் உள்ளே வந்தன. தெற்கே சாகா என்ற சிற்றரசில் பீரங்கி வார்ப்பது பற்றிய ஒரு ஒல்லாந்தப் புத்தகத்தை மொழிபெயர்த்து, அதைப் பார்த்தே 1850இல் இரும்பு உருக்கும் சூளை கட்டினார்கள். அப்படி ஒரு சூளையைக் கண்ணால் கண்டவன் அங்கே ஒருவனும் இல்லை. முதலில் வார்த்தவை சரிவரவில்லை, திரும்பத் திரும்ப வார்த்தார்கள். பெரி வந்து சேர்வதற்கு மூன்று வருடம் முன்பு தொடங்கிய வேலை இது.

சேர் எங்கள் ஊர்க் கோட்டைப் பக்கம் கையை நீட்டினார். “உந்தக் கோட்டையிலை இருந்த அதே ஒல்லாந்தக் கும்பனிதான் அங்கையும். அங்கை அவனை ஒரு துண்டு நிலத்திலை அடைச்சுப்போட்டு அவனிட்டைப் புத்தகம் வாங்கினாங்கள். இங்கை அவன் எங்களிட்டை வரி வாங்கினான்.” சரித்திரமாகப் பார்த்தால் கொஞ்சம் அநியாயமான வசனம்தான். ஆனால் எனக்கு மறக்கவில்லை.

1984இல் நாட்டைவிட்டுப் போகப்போகிறேன் என்று சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். அழவுமில்லை, ஆசீர்வாதமும் இல்லை, பாடம்தான். “யப்பான் அரசாங்கம் அனுப்பின இவாகுரா கோஷ்டி 1871 மார்கழியிலை வெளிக்கிட்டது. அமெரிக்கா, ஐரோப்பா, தொழிற்சாலை, பள்ளிக்கூடம், பாராளுமன்றம் எல்லாம் பாத்து எழுதிக்கொண்டு 1873 புரட்டாதியிலை வந்திட்டாங்கள். வாற வழியிலை எங்கடை காலியிலையும் இறங்கினவங்கள். நீரும் வரேக்கை காலியிலை இறங்கும்.”

இங்கே வந்தபிறகுதான் ஃபுகுசாவா யுகிச்சி என்ற யப்பானிய அறிஞரை விளங்கிக்கொண்டேன். அந்த மனுசன் வருடக்கணக்காக ஒல்லாந்த மொழி படித்து, 1859இல் வெளிநாட்டு வியாபாரிகள் வந்திறங்கிய யோக்கோகாமாவுக்குப் போனால் அங்கே கடைப் பலகை ஒன்றுகூட வாசிக்க முடியவில்லை, எல்லாம் ஆங்கிலம். அடுத்த நாளே ஆங்கிலத்தை அரிச்சுவடியிலிருந்து தொடங்கினாராம். நானோ ஆங்கிலத்தில் திறமைச் சித்தி எடுத்தவன், ஓல்டம் பஸ் சாரதி பேசிய ஆங்கிலத்தில் ஒரு சொல் பிடிபடவில்லை.

இந்த ஊரை நான் தேடி வரவில்லை, அமைந்துவிட்டது. யப்பானின் முதல் பெரிய பஞ்சாலை ஒசாக்காவில் 1883இல் 10,500 நூற்கும் கதிர்களோடு ஓடத் தொடங்கியது. அந்த இயந்திரங்கள் இந்த ஓல்டத்து பிளாட் சகோதரர் கம்பனியில் செய்தவை. 46 வருடம் கழித்து அதே பிளாட் கம்பனி, ஒரு தச்சரின் மகனான தொயோதா சாகிச்சியின் தானியங்கித் தறிக்கு 1 இலட்சம் பவுண் கொடுத்து உரிமை வாங்கியது. இதைச் சேருக்கு எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே இருபது வருடம் போனது. கடைசியில் எழுதினேன். பதிலாக ஒரு தபாலட்டை வந்தது: “நல்லது. யப்பானின் யஹாதா இரும்பாலைக்குப் போரில் தோற்ற சீனாவின் நட்டஈட்டுக் காசும் போனது. அதையும் சேர்த்துப் படியும்.” அதுதான் சேர். ஒன்றைக் கொண்டாட விடமாட்டார்.

இவாகுரா கோஷ்டியோடு படிக்கப் போன ஐந்து பெண்பிள்ளைகளில் கடைக்குட்டி சுதா உமெகோவுக்கு 6 வயது. 11 வருடம் கழித்துத் திரும்பியபோது தாய்மொழி மறந்துபோயிருந்தது. ஆனாலும் திரும்பினாள், 1900இல் தோக்கியோவில் பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினாள். என் மகளுக்குத் தமிழ் விளங்கும், கதைக்கமாட்டா. அவ எங்கே திரும்புவது?

2016இல் மகளோடு காலிக்குப் போனேன். கோட்டை மதிலில் நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே சேருக்குப் போன் எடுத்தேன். “சேர், காலியிலை இறங்கிட்டன்.”

அந்தப் பக்கம் கனநேரம் சிரிப்பு. பிறகு கேட்டார், “எத்தினை நாள் லீவு?”

“இரண்டு கிழமை, சேர்.”

“ம்” என்றார். படலையில் யாரோ கூப்பிடுகிறார்கள், பார்த்துவிட்டு வாறன் என்று போனை வைத்தார்.