அந்த எண் யார் கையில் இருக்கிறது?

கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்க்கிறேன். ஒருவர் இணையத்தில் வைத்திருக்கும் கணக்குகளையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் செயலி ஒன்றை உருவாக்கும் பணி எங்கள் குழுவுக்கு வந்தது. எந்தக் கணக்கு எந்தக் கைபேசி எண்ணோடும் மின்னஞ்சலோடும் இணைந்திருக்கிறது, எண் மாறினால் எவையெவை கைவிட்டுப் போகும், வேண்டாத கணக்கை எப்படி மூடுவது என்பதையெல்லாம் அது சொல்ல வேண்டும். கடவுச்சொற்களைச் சேமிப்பது அதன் வேலை இல்லை. அதற்கு நல்ல கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்படிப்பட்ட செயலியைப் பயனர்களிடம் சோதிப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. டிக்கெட் எடுக்கும் செயலி என்றால் கற்பனையாக ஒரு பயணத்தைச் சொல்லிச் சோதித்துவிடலாம். இங்கே பொய்ப்பெயரில் கணக்கு ஒன்றைக் கொடுத்து, ‘இது உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்’ என்றால் யாருக்கும் பதற்றம் வருவதில்லை. அழிக்கும் பொத்தானைக்கூடத் தயங்காமல் தொடுகிறார்கள். சொந்தக் கணக்குகளைத் திறக்கச் சொன்னாலோ, அவர்களுடைய கடன், காதல், மருத்துவமனை எல்லாம் முன்பின் தெரியாத எங்கள் முன்னால் திரையில் வந்து நிற்கும். அதைக் கேட்க எங்களுக்கு உரிமை கிடையாது. அதனால் வெற்று அட்டைகளைக் கொடுத்தோம். அட்டைக்கு ஒரு கணக்காக எழுதி, தமக்குத் தோன்றிய விதத்தில் அடுக்கச் சொன்னோம். எழுதிய பக்கத்தைக் கவிழ்த்தே வைத்துக்கொள்ளலாம். ஏன் அப்படி அடுக்கினார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். முடிந்ததும் அட்டைகளை அவர்களே எடுத்துச் சென்றார்கள். குரலையோ திரையையோ பதிவு செய்யவில்லை. மேலிடத்தில் போட்டுக் காட்ட ஒரு காணொளிகூட இல்லையே என்று மேலாளர் வருந்தினார். அடையாளத்தைக் காக்கும் கருவிக்கான சோதனை அடையாளத்தைக் கசியவிடக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நாங்கள் திரையில் வங்கி, அரசு, சமூக ஊடகம், கடை என்று பிரித்து வைத்திருந்தோம். அந்த வரிசையில் அடுக்கியவர்கள் மிகக் குறைவு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா மூன்று அடுக்கு வைத்தார்: மகன் பார்ப்பவை, இ-சேவை மையத்தில் பார்ப்பவை, தானே பார்ப்பவை. மூன்றாம் அடுக்கில் வாட்ஸ்அப்பும் யூடியூபும் மட்டும் இருந்தன. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஓர் இளைஞர் வந்திருந்தார். தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவைச் செய்துகொடுத்தது அவர் ஊரில் உள்ள கணினி மையம். அதற்கான மின்னஞ்சலைத் தொடங்கியதும் அவர்கள்தான். கடவுச்சொல் மையத்து நோட்டில் இருக்கிறது. “அங்கே இருக்கிற அண்ணன் நல்லவர்” என்றார். நல்லவராகவே இருப்பார். ஆனால் மையத்தை மூடிவிட்டால், நுழைவுச்சீட்டு வந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட இவருக்கு வழியில்லை.

இன்னொருவரின் கணவர் லாரி ஓட்டுநர். குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு, பிள்ளைகளின் பள்ளிச் செயலி எல்லாம் கணவரின் எண்ணில்தான் இருக்கின்றன. சிலிண்டர் வந்தால் கொடுக்க வேண்டிய குறியீட்டு எண் ஆந்திராவில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் கைபேசிக்குப் போகிறது. அவர் வண்டியை ஓரங்கட்டி வீட்டுக்குச் சொல்கிறார். ‘ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று நாமெல்லாம் எழுதுகிறோம். அதை அப்படியே கடைப்பிடித்தால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது. சொல்லக்கூடாததைச் சொல்லித்தான் குடும்பம் நடக்கிறது என்னும்போது, உண்மையாகவே சொல்லக்கூடாத நாளில் அந்த எச்சரிக்கை காதில் ஏறுமா?

இதில் எனக்கும் எங்கள் பாதுகாப்புப் பொறியாளருக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. பகிர்வதற்குச் சிறு இடம் கொடுத்தாலும் ஏமாற்றுக்காரர்கள் அதன் வழியே நுழைவார்கள் என்றார். அந்த அச்சம் நியாயமானது; வங்கிப் பணத்தை இழந்தவர்களிடம் பேசியிருக்கிறார். நான் கேட்டது, நடப்பதை நடப்பதாக ஏற்றுக்கொள்ளும் ஒரு திரை. கடைசியில் செயலியின் முதல் கேள்வி மாறியது. ‘உங்கள் எண் என்ன?’ என்று கேட்ட இடத்தில் ‘இந்த எண் யார் கையில் இருக்கிறது?’ என்று கேட்கத் தொடங்கினோம். பணத்தை நகர்த்தும் குறியீட்டையும் பொருளைப் பெற்றுக்கொள்ளும் குறியீட்டையும் பிரித்து, முதலாவதற்கு மட்டும் கடுமையான எச்சரிக்கையை வைத்தோம். பொறியாளர் அரைமனதோடுதான் சம்மதித்தார்.

அந்தச் சோதனைகளிலேயே நான் மிக முக்கியமாகக் கருதுவது ஒரு கல்லூரி மாணவி சொன்னது. இன்ஸ்டாகிராமில் அவருக்கு இரண்டு கணக்குகள்: ஒன்று உறவினர்களுக்கு, மற்றது தோழிகளுக்கு. இரண்டாவதை வேறு மின்னஞ்சலில் தொடங்கி, கைபேசி எண்ணைக் கொடுக்காமலே வைத்திருந்தார். எண்ணைக் கொடுத்தால், அதைத் தம் தொடர்புப் பட்டியலில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பரிந்துரையாகப் போய் நிற்கக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் முன்மாதிரித் திரையோ, ஒரே தளத்தில் இரண்டு கணக்கு இருந்தால் ‘இரட்டைக் கணக்கு, ஒன்றாக்கலாமா?’ என்று கேட்டது. அவர் முகம் மாறிவிட்டது. “இதை எங்கள் அண்ணன் பார்த்தால்?” என்றார்.

கணக்குகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுவது வசதி என்று எண்ணித்தான் வேலையைத் தொடங்கினோம். ஆனால் பலர் அவற்றைப் பிரித்து வைத்திருப்பதே பாதுகாப்புக்காக. ஒரு மனிதருக்கு ஒரே முகம், ஒரே பெயர் என்று பெருநிறுவனங்களும் கட்டாயப்படுத்திப் பார்த்திருக்கின்றன. கூகுளின் சமூக ஊடகமாக இருந்த கூகுள் பிளஸ் 2011இல் உண்மைப் பெயர் வேண்டும் என்று விதி வைத்து, பெரும் எதிர்ப்புக்குப் பின் 2014இல் அதைக் கைவிட்டது. (நம் ஊரில் உண்மைப் பெயரே படிவத்துக்குப் படிவம் மாறுகிறது. முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னால் நிற்கும். இன்னோரிடத்தில் ‘கடைசிப் பெயர்’ கட்டத்தை நிரப்ப அப்பா பெயராக விரியும். அதையும் பிழையென்று காட்ட வேண்டாம் என்று தீர்மானித்தோம்.) இப்போது எங்கள் செயலி எதையும் ஒன்றாக்கச் சொல்வதில்லை. எந்தக் கணக்கையும் மறைத்து வைக்கலாம். மறைத்தது ஒன்று இருக்கிறது என்பதற்கே அடையாளம் தெரியாது. மொத்தக் கணக்கு எத்தனை என்றும் திரையில் காட்டுவதில்லை.

பாதுகாப்புக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் யோசனையும் வந்தது. சோதனைக்கு வந்தவர்கள் சிவப்பு எண்ணைப் பார்த்ததும் கூசிப்போனார்கள். ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தவரும் உண்டு. 1999இல் வெளிவந்த ஆய்வு ஒன்றுக்காக அல்மா விட்டன், ஜே. டி. டைகர் என்னும் ஆய்வாளர்கள், மின்னஞ்சலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்க மென்பொருள் ஒன்றை 12 பேரிடம் கொடுத்துச் சோதித்தார்கள். 90 நிமிட நேரத்துக்குள் மூன்றில் ஒரு பங்கினர்தான் மின்னஞ்சலைச் சரியாகக் கையொப்பமிட்டு மறையாக்கம் செய்தார்கள். வந்தவர்கள் மின்னஞ்சல் பழக்கமுள்ள, படித்த மனிதர்கள். குறை பயனரிடம் இல்லை, மென்பொருளின் திரை வடிவமைப்பில்தான் என்று அன்றைக்கே தெளிவாகிவிட்டது. அதன்பின்னும் பயனருக்கு மதிப்பெண் போடுவது எனக்கு அநீதியாகவே படுகிறது. அதை எடுத்துவிட்டு, ‘இன்றைக்கு இது ஒன்று போதும்’ என்று ஒரே ஒரு வேலையைக் காட்டினோம்.

கடவுச்சொல்லே இல்லாமல், கைபேசியைத் திறக்கும் அதே விரல்ரேகையாலோ முகத்தாலோ கணக்குக்குள் நுழையும் ‘பாஸ்கீ’ முறையை ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் 2022இல் சேர்ந்து முன்வைத்தன. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கைபேசியைத் திறக்கப் பதிந்த விரல்ரேகைகளில் எது இருந்தாலும் உள்ளே நுழைந்துவிடலாம். நம் வீடுகளில் ஒரே கைபேசியில் அம்மா, அப்பா, பிள்ளை மூவரின் ரேகையும் பதிந்திருப்பது சாதாரணம். அதையும் செயலி கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

கடைசியாகச் செய்த திரை, ஒருவர் காலமான பின் கணக்குகளை யார் பார்ப்பது என்பது பற்றியது. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள்கள் வரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, அதன்பின் கொடுக்கலாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட கணவரின் எண் புதியவர் கைக்குப் போனால், அதோடு இணைந்தவற்றுக்கான ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இறப்புக்குப் பின்னோ இயலாத நிலையிலோ தம் தரவு உரிமைகளைச் செயல்படுத்த இன்னொருவரை நியமிக்கலாம் என்கிறது. அதைப் பார்த்துத்தான் நாங்களும் நியமனத் திரையை வரைந்தோம். மனைவி, கணவர், மகன், மகள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதை மேலும் கீழும் தேடிவிட்டு, “மருமகள் எங்கே தம்பி?” என்றார். மகன் வெளிநாட்டில் இருக்கிறாராம். வங்கிக்கு உடன் வருவதும், நள்ளிரவில் கூப்பிட்டால் எடுப்பதும் மருமகள்தானாம். அடுத்த பதிப்பில் பட்டியலை எடுத்துவிட்டு, பெயரும் உறவும் அவர்களே எழுதிக்கொள்ளும்படி வெற்றுக் கட்டமாக வைத்தோம்.