மொய் நோட்டிலிருந்து ஓர் உறவு வரைபடம்

எங்கள் குடும்பத்து மொய் நோட்டுகளைக் கொண்டு, தாத்தா காலத்து உறவுகளை, ஆளுக்கொரு புள்ளியும் மொய்க்கொரு கோடுமாக வரைபடமாக்கும் வேலையை ஓய்வு நேரங்களில் செய்துவருகிறேன். எங்கள் ஊர் அறந்தாங்கிக்குப் பக்கம். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்தே தனி விசேஷமாக நடப்பதை அறிந்தவர்களுக்கு, இந்த நோட்டுகள் எவ்வளவு கறாரான பதிவுகள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊர், பெயர், தொகை ஆகிய மூன்றும் வரிக்கு வரி இருக்கின்றன. நாங்கள் திருப்பிச் செய்தது எதிரிலேயே தேதியோடு குறிக்கப்பட்டிருக்கிறது. யாரிடமிருந்து யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று வரைபடக் கோட்டுக்கு வேண்டியது எல்லாம் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

ஒரே வீட்டு நோட்டை வைத்து வரைந்தால் நடுவில் அந்த வீடும் சுற்றிலும் கதிர்களும்தாம் வரும். கணக்கு வைத்தவரே ஊருக்கு மையம் என்று அந்தப் படம் சொல்லிவிடும். ஆகவே அம்மாவின் தாய்வீட்டு நோட்டையும், அத்தை வீட்டு நோட்டையும் இரவல் வாங்கிச் சேர்த்துக்கொண்டேன். அதன் பிறகுதான் ஒருவர் மூன்று வீட்டிலும் மொய் எழுதியிருப்பதும், அவருக்கும் இன்னொருவருக்கும் இடையே நாங்கள் அறியாத போக்குவரத்து இருந்திருப்பதும் தெரியத் தொடங்கின. பெயர்களை ஒன்றுபடுத்துவதுதான் பெரும்பாடு. ஒரு நோட்டில் முழுப் பெயரோடு இருப்பவர் இன்னொன்றில் வெறும் ‘மில்காரர்’. “அவுக பேரு யாருக்குத் தெரியும், மில்லுக்காரவுகன்னாத்தான் தெரியும்” என்று பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து அடையாளம் சொல்லியிராவிட்டால், ஒரே மனிதர் என் படத்தில் மூவராக நின்றிருப்பார். படத்தில் எவர் பெயரையும் எழுதாமல் எண்களை மட்டுமே இட்டிருக்கிறேன். மொய்த் தொகை வெளியே பேசுகிற விஷயம் அன்று.

தாத்தா வீட்டு நோட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறது. அடுத்த பக்கத்திலிருந்து ஊர்ப்பெயர் ஒருமுறை எழுதப்பட்டு, அதன் கீழே வரிசையாக ‘௸’ என்னும் மேற்படிக் குறி இறங்குகிறது. எழுதியவர் கைவலிக்கு இட்ட இந்தக் குறி எனக்குப் பெரும் உதவியாயிற்று. மொய் எழுதப்படுவது வந்து உட்கார்ந்த வரிசையில்தான் என்பதால், தொடர்ந்து எட்டுப் பத்து வரிகளுக்கு ‘௸’ வந்தால் அவர்கள் ஒரே வண்டியிலோ ஒரே பஸ்ஸிலோ சேர்ந்து வந்தவர்களாக இருக்க வேண்டும் என்று கொள்ளலாம். அப்படி அடுத்தடுத்து வந்த பெயர்களுக்கிடையே மெல்லிய சாம்பல் கோடு ஒன்றைப் போட்டேன். தொகையைக் காட்டும் கோடுகளைவிட இந்தச் சாம்பல் கோடுகள் உறவைக் கூடுதலாகக் காட்டுகின்றன என்பது என் எண்ணம்.

தொகையை அப்படியே கோட்டின் கனமாக வைக்க முடியாது. 1970களின் ஐந்து ரூபாயையும் 1990களின் நூற்றொரு ரூபாயையும் ஒரே தராசில் நிறுத்தினால் பழைய உறவுகள் நூலாக மெலிந்துவிடும். எனவே ஒவ்வொரு விசேஷத்திலும் தொகைகளை ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் வரும் தொகையை ஒன்று என வைத்து, மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுக் கோட்டின் தடிமனைத் தீர்மானித்தேன்.

படம் வரையப் பயன்படுத்துவது ஜெஃபி என்ற கட்டற்ற மென்பொருள். புள்ளிகள் ஒன்றையொன்று தள்ள, கோடுகள் இழுக்க, அந்த இழுபறி அடங்கும் இடத்தில் படம் நிற்கிறது. மேல், கீழ், இடம், வலம் எதற்கும் அதில் பொருள் கிடையாது. இதை வீட்டாருக்கு விளக்குவதுதான் கடினமாக இருந்தது. வடக்கில் நிற்கும் புள்ளியைப் பார்த்தவுடன் ‘பட்டுக்கோட்டைப் பக்கமா?’ என்றுதான் கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஹட்சனில் 1932இல் பெண்கள் சீர்திருத்தப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டு வாரங்களில் 14 பேர் ஓடிப்போனபோது, மோரேனோ என்ற உளநல மருத்துவர், யாரோடு யார் இருக்க விரும்புகிறார்கள் என்பதைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்து, ஓடியவர்களிடையே இருந்த தொடர்பைக் காட்டினார். அந்தப் படங்களும் நிலப்படம் அல்ல. ஆனாலும் அவர் அவற்றை மனிதர்களின் புவியியலாகவே கருதினார்.

நிலப்படத்தையும் விட்டுவிட மனமில்லை. கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் ஊர்களைக் குறித்து அதே கோடுகளை இட்டபோது, அவை தூரத்தைப் பொருட்படுத்தாமல் பஸ் தடங்களையும், பேராவூரணி, பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர் செல்லும் ரயில் பாதையையும் ஒட்டிக் குவிந்தன. குறுக்கே நடந்தால் அரை மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஓர் ஊரோடு ஒரு கோடுகூட இல்லை.

பணக் கணக்கை மட்டும் நம்பினால் நெருங்கியவர்களே காணாமற்போகிறார்கள். எங்கள் குடும்பத்தில் மொய்ப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த உடன்பிறந்த பங்காளிகள் மொய் எழுதுவதில்லை. தாய்மாமன் சீர் தொகையின்றிக் கடைசிப் பக்கத்தில் தட்டு, சேலை, மாலை என்றே பதிவாகியிருக்கிறது. 1901–02இல் நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் ரிவர்ஸ், முதலில் வம்சாவளிகளை எழுதிக்கொண்டு, சடங்குகளைப் பற்றிக் கேட்டவற்றை அவற்றோடு ஒத்துப்பார்த்தார். நானும் அப்படியே வம்சாவளியைத் தனியாக வரைந்து, மொய்ப்படத்தின் மேல் புள்ளிக் கோடுகளாக ஏற்றியிருக்கிறேன். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் மணம் முடிக்கிற வீடுகளில் மரம் மரமாக நிற்பதில்லை. மாமாவே மாமனாராகிவிட, கிளைகள் திரும்பி வந்து பின்னிக்கொண்டு வலையாகிவிடுகின்றன.

வாங்கிக்கொண்டு இன்னும் திருப்பிச் செய்யாத கோடுகளுக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு மற்ற எந்தக் கோட்டிலும் அக்கறை இல்லை. சிவப்பை மட்டும் ஊர்வாரியாகத் தனித்தாளில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அவற்றுள் இரண்டு வீடுகளில் வரும் ஆவணியில் காதுகுத்து.