ஒரு புஷல் சோயாவுக்கு 1.65 டாலர்

நான் வசிக்கும் ப்ளூமிங்டன், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் மெக்லீன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) இருக்கிறது. கணினி வேலைக்காக இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடம் முடியும் இடத்திலேயே சோயா வயல் தொடங்கிவிடுகிறது. செப்டம்பர் கடைசியில் இலைகளெல்லாம் உதிர்ந்து, காய்ந்த தண்டுகளில் பழுப்பு நிறக் காய்கள் மட்டும் நிற்கும்; காற்றடித்தால் உள்ளிருக்கும் மணிகள் சலசலப்பது கேட்கும்.

அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் பெரியவர் எனக்குப் பழக்கமானவர். 2018 ஜூலையில் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. அதுவரை அமெரிக்கா ஏற்றுமதி செய்த சோயாவில் பாதிக்கு மேல் வாங்கிவந்த நாடு அது. மே மாதம் புஷலுக்கு 10 டாலருக்கு மேல் இருந்த சந்தை விலை, சில வாரங்களில் 8 டாலரை ஒட்டி இறங்கிவிட்டது. ஒரு புஷல் என்பது ஏறத்தாழ 27 கிலோ.

இப்படிப்பட்ட சரிவுக்கென்றே வேளாண் சட்டத்தில் ஓர் ஆதார விலை உண்டு; ஆண்டின் சராசரி விலை அதற்குக் கீழே போனால்தான் அரசு ஈடு தரும். அன்று சோயாவுக்கு அது 8.40 டாலர். ஆண்டின் சராசரி விலை 8.48 டாலராக அமைந்ததால், வெறும் 8 சென்ட் வித்தியாசத்தில் அந்த வழியாக ஒரு காசும் வரவில்லை. கணக்கு சரிதான், ஆனால் நல்ல விலைக் காலத்தில் பேசி முடித்த குத்தகையை, விலை இறங்கிய பிறகும் கட்ட வேண்டியவருக்கு அந்தக் கணக்கு எந்த ஆறுதலும் தராது.

அதனால் அரசு தனியாக ஒரு நிவாரணத்தை அறிவித்தது. அவ்வாண்டு அறுவடையான சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கோ ஒரே ஒரு சென்ட். இங்கே ஒரே நிலத்தில் ஓராண்டு மக்காச்சோளம், மறு ஆண்டு சோயா என்று மாற்றி மாற்றி விதைப்பதே வழக்கம். அந்த வசந்தத்தில் எந்த வயலில் எது விழுந்தது என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த தொகை அமைந்தது. 2019இல் இந்த முறையை மாற்றி, தகுதியுள்ள பயிர் எதுவானாலும் கவுண்டிக்கு ஒரே விகிதம் என்று ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை நிர்ணயித்தார்கள். முதல் ஆண்டின் குறை அதில் ஓரளவு தீர்ந்தது.

ஆனால் இரண்டு முறைகளுமே விளைச்சலையோ பரப்பையோதான் அளந்தன. ஏக்கருக்கு 60 புஷல் என்று வைத்துக்கொண்டால், 2018இல் 80 ஏக்கர் சோயா போட்டவருக்கு 7,920 டாலர். 500 ஏக்கர் போட்டவருக்கு 49,500 டாலர். நபருக்கு 1,25,000 டாலர் என்ற உச்சவரம்பு, ஏறத்தாழ 1,260 ஏக்கர் சோயா வரை யாரையும் தடுக்கவில்லை. நட்டமும் அதே அளவில்தானே என்று பெரிய பண்ணைக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எனினும் அடுத்த ஆண்டுக் குத்தகைக்குப் போட்டியிடும்போது அந்தப் பணம் யார் கையில் தங்கியிருக்கிறதோ அவர்தான் நிலத்தைப் பெறுகிறார். பெரியவர் அதைத்தான் மனம் நொந்து சொன்னார்: உதவித்தொகை வந்ததும் நில உரிமையாளர் குத்தகையை உயர்த்தக் கேட்டாராம், பக்கத்துப் பண்ணை அந்தத் தொகையைக் கொடுக்க முன்வந்ததாம். இவர் 40 ஏக்கரை விட்டுக்கொடுத்தார்.