லீவில் கோத்தகிரி வந்தும் விடாத மும்பை சார்ட்டர்

வாடகைக்குத் தனி விமானம் விடும் சின்ன சார்ட்டர் கம்பெனியில் டிஸ்பாட்சர் வேலைக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு இனி இதைத்தான் அனுப்பப் போகிறேன். போன ஐப்பசி மழையில் நடந்தது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரிய ஏர்லைனில் டிஸ்பாட்சர் வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு), ரூட், எரிபொருள் பார்த்து பிளைட் பிளான் போடுவார். பைலட்டுக்கு ஹோட்டல், பயணிகள் பட்டியல், சாப்பாடு, ஸ்லாட் (ஏர்போர்ட் ஒதுக்கும் நேரம்), பார்க்கிங், இதற்கெல்லாம் தனித்தனி ஆட்கள் உண்டு. எங்களிடம் எல்லாமே டிஸ்பாட்சர்தான், அதுவும் இருப்பது இரண்டே பேர். மற்றவருக்குக் கடும் காய்ச்சல், நான் லீவில் கோத்தகிரியில் அம்மா வீட்டில். குன்னூர் எஸ்டேட் பங்களாவில் தங்கியிருக்கும் விருந்தினர்களைக் காலை 9 மணிக்குக் கோவையிலிருந்து மும்பைக்குக் கிளப்ப வேண்டும் என்று சென்னை ஆபீஸிலிருந்து போன். லேப்டாப்பைத் திறந்தேன். பிளான், எரிபொருள், ஹேண்ட்லிங் (ஏர்போர்ட்டில் தரைவேலை பார்ப்பவர்கள் ஏற்பாடு) எல்லாம் ராத்திரிக்குள் முடிந்தது. பிளானில் நேரமெல்லாம் யூடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம் என்பதால் 9 மணியை 0330 என்றுதான் போட வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம், இந்தியக் கணக்கையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

விடியும் முன்பே எஸ்டேட் டிரைவர் அண்ணன் கூப்பிட்டார். "மேடம், பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்சு கெடக்குதாம், கோத்தகிரி வழியாத்தான் எறங்கணும்." குன்னூர் ரோடு அடைத்தால் மொத்த வண்டியும் எங்கள் ஊர் வழியாகத்தான் மேட்டுப்பாளையம் இறங்கும், அந்த நெரிசல் எப்படி இருக்கும் என்று இங்கே வளர்ந்தவளுக்குச் சொல்லவே வேண்டாம். உடனே கேப்டனுக்குப் போன் போட்டு ஹோட்டலிலேயே இருக்கச் சொன்னேன். இதை மட்டும் யாரும் மறக்காதீர்கள்: பைலட்டின் டூட்டி நேரம் ரிப்போர்ட் செய்த நிமிடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். கார் வரும் வரும் என்று அவர்களை ஏர்போர்ட்டில் உட்கார வைத்தால், பயணிகளை இறக்கிவிட்டு அடுத்த இடம் போவதற்குள் அவர்களுக்கு அனுமதித்த டூட்டி நேரம் தீர்ந்துவிடும். ரிப்போர்ட்டிங்கைத் தள்ளிவைத்ததுதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

இதற்கு நடுவில் விருந்தினரின் செக்ரட்டரி, ஊட்டி தீட்டுக்கல்லில் ஹெலிபேட் இருக்கிறதே, ஒரு ஹெலிகாப்டர் சொல்ல முடியாதா என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீடே தெரியவில்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து, ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 உயிர் போனது. பள்ளத்தாக்கில் திடீரென்று வானிலை மாறி மேகத்துக்குள் போனதைத்தான் விசாரணையில் சொன்னார்கள். இந்த மலையில் பிறந்த யாரும் அதை மறக்க மாட்டார்கள். முடியாது என்றேன், காரணத்தையும் சொன்னேன், மறுபடி அவர் கேட்கவில்லை.

புறப்படும் நேரம் 30 நிமிடத்துக்கு மேல் நழுவினால் பிளானைத் திருத்த வேண்டும், வான்பாதுகாப்பு அனுமதி எண்ணையும் எஃப்ஐசி (விமானத் தகவல் மையம்) தரும் எண்ணையும் மறுபடி உறுதி செய்ய வேண்டும். கூடவே மும்பை ஸ்லாட். நெரிசல் நேரங்களில் எங்களைப் போன்ற சின்ன ஜெட்டுகளை மும்பை இறங்க விடாது, அந்த இடைவெளியைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் கோவையிலேயே நிற்க வேண்டியதுதான். சரியாக அந்த நேரம் பார்த்து வீட்டில் கரண்ட் போனது, ஒரு சிம்மில் சிக்னலும் போனது. வேறு கம்பெனி சிம் ஒன்று இருந்ததால் அதில் ஹாட்ஸ்பாட் போட்டு, திண்ணையில் குளிரில் உட்கார்ந்து புது ஸ்லாட் வாங்கினேன். மலையிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இரண்டு கம்பெனி சிம்மும் ஒரு பவர் பேங்கும் இல்லாமல் இருக்கவே கூடாது.

அப்புறம் வந்தது கோவையில் அந்த ஹேண்ட்லிங் கவுன்டர். பயணிகளில் ஒருவர் வரவில்லை, அவருக்குப் பதில் அவர் தம்பி வருகிறார். புதுப் பட்டியலைக் கையெழுத்து, சீலோடு ஸ்கேன் செய்து சென்னையிலிருந்து மெயில் அனுப்பியாகிவிட்டது. கவுன்டரில் இருந்தவர், "ஒரிஜினல் லெட்டர்ஹெட் கைக்கு வராம நான் எதுவும் செய்ய முடியாது மேடம்" என்கிறார். சென்னையில் இருக்கும் காகிதம் அரை மணியில் கோவைக்கு எப்படி வரும்? முந்தின மாதம் இதே கவுன்டரில் ஸ்கேனை வாங்கிக்கொண்டார்களே என்றால், அப்போது இருந்தவர் வேறு ஆளாம். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில், "சரி சார், ஸ்கேன் ஏற்க முடியாதுன்னு எந்த விதியில இருக்குன்னு ஒரு வரி மெயில்ல போடுங்க, உங்க மேனேஜரையும் அதுல சேர்த்துக்குங்க" என்றேன். சில நிமிடங்களில் சூப்பர்வைசரே கூப்பிட்டு, ஸ்கேன் போதும் என்றார். வாய்வார்த்தையாக மறுப்பவர்களிடம் எழுத்தில் கேளுங்கள், குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

கார்கள் வந்து சேர்ந்தால் டிக்கியில் தேயிலைப் பெட்டிகள், முன்னாடி யாரும் சொல்லவில்லை. மும்பை வானத்தில் வட்டமடிக்க வைப்பார்கள் என்று கேப்டனும் நானும் பேசி, மாற்று ஏர்போர்ட்டான அகமதாபாத் வரைக்கும் கணக்குப் போட்டு எரிபொருள் நிரப்பியிருந்தோம். பெட்டிகளைச் சேர்த்து லோட் ஷீட்டை (விமானத்தின் எடைக் கணக்கு) மறுபடி போட்டால் எடை வரம்பைத் தாண்டுகிறது. எப்படியாவது ஏற்றிவிடுங்கள் என்று ஆபீஸிலிருந்து அழுத்தம். எரிபொருளைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன், பெட்டி பார்சல் லாரியில் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். கேப்டனும் அதையே சொன்னார். கையெழுத்துப் போட்டுப் பறக்கப் போவது அவர், அவர் பக்கம் நிற்பதுதான் நம் வேலை.

ஸ்லாட்டுக்குள் கிளம்பி, நல்லபடியாக இறங்கியது. ஆனால் மும்பையில் பார்க்கிங் கிடையாது, காலி விமானத்தை வேறு ஊருக்கு அனுப்ப அடுத்த பிளான், அடுத்த எண்கள், பைலட்டுகளுக்கு ரூம். அம்மா வைத்த காபி ஆறிப்போய் அப்படியே கிடந்தது. பைலட்டின் டூட்டி நேரத்தை நிமிடம் நிமிடமாகக் கணக்கு வைத்த எனக்கு, நான் எத்தனை மணி நேரம் தூங்காமல் இருக்கிறேன் என்று கேட்க ஆபீஸில் ஒருவரும் இல்லை. அமெரிக்காவில் பெரிய ஏர்லைன் டிஸ்பாட்சரைத் தொடர்ந்து 10 மணி நேரத்துக்கு மேல் வேலைக்குப் போட முடியாதபடி சட்டமே இருக்கிறது. களைத்த பைலட் எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு ஆபத்து களைத்துப்போய் எரிபொருள் கணக்குப் போடுபவரும்.

மறுநாளே இதையெல்லாம் நேர வாரியாக எழுதி கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். மூன்றாவதாக ஒரு டிஸ்பாட்சர் இப்போது சேர்ந்திருக்கிறார், லீவு நாளில் என் டூட்டி போன் அவரிடம் போகும் என்று எழுத்தில் வாங்கியிருக்கிறேன். இந்த வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள் சம்பளம் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை டிஸ்பாட்சர், ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி யார் பார்ப்பார்கள்.