கம்பெனி வீடும் கோர்ட் ஆர்டரும்

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கைப் பட்டாணி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். கம்பெனி வீடு, வேலை என் வீட்டுக்காரருக்கு, அதனால் பெயரும் அவர் பெயர். 11 வருஷம் அடி வாங்கிக்கொண்டு கிடந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். தோட்ட ஆபிஸ் கிராணியிடம் (குமாஸ்தா) ஒருமுறை கேட்டதற்கு, "வீடு அவன் பேர்ல இருக்கும்மா, போறதுன்னா நீதான் போகணும்" என்றார். அதுதான் சட்டம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் கை எலும்பில் விரிசல் விட்டபோது பக்கத்து வீட்டு அக்கா காரில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். எமர்ஜென்சியில் அடிபட்டு வருபவர்களுக்கென்றே ஓஎஸ்சிசி என்று ஓர் உதவி மையம் இருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. அடுத்து போலீஸ். அங்கே முதலில் இருந்தவர், "இது ருமா தங்கா, குடும்பப் பிரச்சனை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண் அதிகாரி வந்து ரிப்போர்ட் எடுத்து, ஜேகேஎம்முக்கு, அதாவது சமூக நல இலாகாவுக்கு, கடிதமும் கொடுத்தார். (ரிப்போர்ட் கொடுக்கப் பயமென்றால் அது இல்லாமலேயே ஜேகேஎம் அதிகாரி 7 நாளைக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம், 15999க்கு போன் போட்டுக் கேளுங்கள்.)

விசாரணை முடியும்வரை இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. அதுவரை அக்கா வீட்டுக் கூடத்தில்தான் நானும் பிள்ளைகளும் படுத்தோம். வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டபிறகுதான் ஜேகேஎம் அதிகாரி வீட்டுப் பேச்சை எடுத்தார். 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில், வீடு யார் பெயரில் இருந்தாலும் சரி, அடித்தவரை வெளியேற்றி அடிவாங்கியவர் மட்டும் அதில் தங்க கோர்ட் உத்தரவிடலாமாம். ஆனால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும், பாதுகாப்பு ஆணையோடு தானாக வந்துவிடாது. தங்க வேறு இடம் இருக்கிறதா என்று கோர்ட்டில் துருவித் துருவிக் கேட்டார்கள். அம்மா தம்பியோடு ஒரே அறை உள்ள ஃபிளாட்டில் இருப்பதை உள்ளபடி சொன்னேன். மாஜிஸ்திரேட் 12 மாதத்துக்குக் கொடுத்தார். அதற்குமேல் வேண்டுமென்றால் திரும்பப் போய்க் கேட்க வேண்டும்.

அப்புறம்தான் யாரும் சொல்லாத சிக்கல் வந்தது. அந்த ஆர்டர் கட்டுப்படுத்துவது வீட்டுக்காரரைத்தான், கம்பெனியை இல்லை. அவர் வேலையை விட்டால் வீடும் போய்விடும், அதை அவரே ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்! மறுநாளே மேனேஜரைப் பார்த்துப் பழம் பொறுக்கும் வேலை கேட்டேன், கை இன்னும் சரியாக மடங்காதபோதே. இரண்டு மாதம் கழித்து வீட்டுக்காரர் நிஜமாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார். அதே கிராணி பெரிய நோட்டைத் திறந்து அவர் பெயரை அடித்துவிட்டு, "உன் ஐசியைக் குடும்மா" என்று என் அடையாள அட்டையைக் கேட்டார்.